பள்ளிக்கூடம் போனவர்களின் கடன்

ரொறன்ரோவில் புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பில் சேர வருகிறவரிடம் முதலில் ஒரு படிவத்தைக் கொடுப்பார்கள். பெயர், பிறந்த நாடு, வீட்டில் பேசும் மொழி, பிறந்த திகதி. அதற்குக் கீழே, எத்தனை ஆண்டுகள் பள்ளிக்கூடம் போனீர்கள் என்றொரு கேள்வி. சிரியாவிலிருந்து வந்த பொறியியலாளர் பதினாறு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அவருக்குப் பின்னால் நிற்கும் ஆப்கானியப் பெண்ணுக்கு அந்தக் கேள்வியை அவருடைய மொழியில் யாராவது சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவர் தலையை மட்டும் அசைப்பார். படிவத்தில் பூச்சியம் விழும். இப்படிப்பட்டவர்களில் பலருக்குப் பிறந்த திகதி ஜனவரி முதலாம் திகதியாக இருக்கும். பிறப்பைப் பதிந்த கடதாசி இல்லாதவர்களுக்கு ஏதோவோர் அலுவலகத்தில் யாரோ இட்டுக்கொடுத்த நாள் அது.

இந்த வகுப்புகளில் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். இங்கே கற்பிக்க வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒருநாள் சொல்லும் வசனம் ஒன்றுண்டு: இவர்களைப் பார்த்த பிறகுதான் நாங்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று விளங்குகிறது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல். ஒருவருக்குக் கிடைக்காமல் போனதைப் பார்த்து எனக்குக் கிடைத்ததை நான் மெச்சிக்கொள்வதில் அந்த மனிதருக்கு என்ன லாபம்? எனக்கும் அதில் செலவு ஒன்றுமில்லை. மாலையில் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிப்பதற்குள் அந்த உணர்ச்சி தணிந்துவிடும். கல்வி கிடைத்ததைப் பாக்கியம் என்று எண்ணினால் அதற்கு மேல் செய்வதற்கு எதுவும் இல்லை. கடன் என்று எண்ணினால் கணக்குப் பார்க்க வேண்டிவருகிறது: யார் கொடுத்தது, யாருக்குத் திருப்பிக் கொடுப்பது, எப்படி.

எங்கள் சனம் லிங்க் வகுப்பு என்று சொல்லும் திட்டத்தைக் கனடிய மத்திய அரசு 1992இல் தொடங்கியது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவரும் அகதியாக ஏற்கப்பட்டவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். மொழித்திறனைப் பன்னிரண்டு படிகளாக வகுத்திருக்கிறார்கள். பதினெட்டிலிருந்து ஐம்பத்து நான்கு வயதுவரை உள்ளவர் குடியுரிமை கேட்கும்போது கேட்பதிலும் பேசுவதிலும் நான்காம் படியையாவது எட்டியிருக்க வேண்டும். கனடாவைப் பற்றிய இருபது கேள்விகள் கொண்ட ஒரு சோதனையில் பதினைந்துக்குச் சரியான விடை சொல்லவும் வேண்டும். சில இடங்களில் வகுப்பு நடக்கும் கட்டடத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. குழந்தையை விடுவதற்கு அந்த அறை இல்லாவிட்டால் தாய்மாரில் பாதிப் பேர் வாசற்படி ஏறியிருக்க மாட்டார்கள். கல்வியைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறவர்களுக்கு இதுபோன்ற சின்ன ஏற்பாடுகள் கண்ணில் படுவதில்லை. கதவு திறந்திருக்கிறது என்று அறிவித்தால் போதாது. பஸ் காசு யார் கொடுப்பது, பிள்ளையை யார் பார்ப்பது, இரவு வேலை முடித்தவர் எப்போது தூங்குவது என்பதெல்லாமும் அந்தக் கதவின் பாகங்கள்தான்.

தம் சொந்த மொழியிலும் எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கென்று தனி வகுப்பு இருக்கிறது. ஆங்கிலம் தெரியாமை வேறு, எழுத்தே தெரியாமை வேறு. தமிழில் நாவல் வாசிக்கிற ஒரு அம்மா ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அறியாமல் வந்தாலும், எழுத்து என்பது ஒலியைக் குறிக்கும் என்ற இரகசியம் அவருக்கு முன்பே தெரியும். புதிய எழுத்துகளைப் பழகிக்கொண்டால் போதும். எழுத்தையே அறியாதவர் தொடங்குவது அதற்கும் வெகு பின்னால்.

பென்சில் பிடிப்பதிலிருந்து தொடங்குகிறது. மாவு பிசைந்தும் ஆடு மேய்த்தும் தறி நெய்தும் பழகிய கை, பென்சிலை விட்டால் விழுந்துவிடும் என்பதுபோல் இறுக்கிப் பிடிக்கும். தாள் கிழியும். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்க, மற்றக் கையால் அதை அழுத்திவிட்டுக்கொண்டு திரும்ப எழுதுவார். அரபு எழுத்தைக் கொஞ்சம் அறிந்தவர் கொப்பியைப் பின்பக்கத்தால் திறந்து வலப்பக்கத்திலிருந்து தொடங்குவார். பயிற்சித் தாளில் இந்தப் பக்கம் படம், அந்தப் பக்கம் சொல், இரண்டையும் கோடு போட்டு இணைக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை யோசிக்காமல் செய்கிற காரியம். ஐம்பது வயது மனிதர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கோடு எதற்கு என்று அவருக்கு விளங்குவதில்லை. ஏன் விளங்க வேண்டும்? உலகத்தில் கோப்பைக்கும் அதன் பெயருக்கும் இடையே யாரும் கோடு இழுத்து வைத்திருக்கவில்லையே.

1979இல் போர்த்துக்கலில் ஜோசே மொராய்ஸ் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடமும் வயது வந்த பிறகு படித்துக்கொண்டவர்களிடமும் ஒரு சின்னச் சோதனை நடத்தினார்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிவிட்டு மிச்சத்தைச் சொல்ல வேண்டும். படித்துக்கொண்டவர்களால் அது முடிந்தது. எழுத்தறியாதவர்களில் பெரும்பாலோருக்கு முடியவில்லை. அவர்களின் காதிலும் புத்தியிலும் குறை ஒன்றுமில்லை. அதே சொற்களை நாள் முழுவதும் தெளிவாகப் பேசுகிறவர்கள்தான். பேச்சை ஒலி ஒலியாகப் பிரித்துக் கேட்பதையே எழுத்துத்தான் எங்களுக்குப் பழக்கியிருக்கிறது. நான் என்னுடைய இயல்பான புத்தி என்று நம்பிக்கொண்டிருந்த பலவும் அரிவரி வகுப்பில் யாரோ ஒருவர் பொறுமையாக எனக்குள் வைத்துவிட்டுப் போனவை. அவருடைய பெயர்கூடப் பலருக்கு நினைவிருக்காது.

எழுத்தில்லாமல் அரைநூற்றாண்டு வாழ்ந்தவர்கள் வெறுமையோடு வருவதில்லை. தொலைபேசி எண்களை மனதில் வைத்திருப்பார்கள். மாத்திரையை நிறத்தாலும், பஸ் நிறுத்தத்தைச் சந்திப்புகளை எண்ணியும் அடையாளம் காண்பார்கள். போன கிழமை நான் சொன்ன உதாரணத்தைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்கிறவர் என் வகுப்பில் உண்டு. அதைத் தாளில் எழுதி வைத்திருந்தும் நான் மறந்திருப்பேன். இதைச் சொல்லும்போது கவனமாகவும் இருக்க வேண்டும். எழுத்தறியாமையை ஒரு வகை ஞானம் என்று கொண்டாடும் பேச்சு படித்தவர்கள் மத்தியில் அவ்வப்போது எழும். இங்கே வருகிற ஒருவரும் அப்படிக் கொண்டாடி நான் கேட்டதில்லை. மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது, மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம் நல்லதா கெட்டதா, வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துக் கேட்கும் தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாழ்வது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். பத்து வயது மகள்தான் வீட்டின் மொழிபெயர்ப்பாளர். தாயின் வயிற்றுவலியைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டியதும் அந்தப் பிள்ளைதான். சில நோய்களைச் சொல்லத் தாய்க்கு வாய் வராது.

தலைமுறைக்குத் தலைமுறை கல்வி கூடிக்கொண்டுதான் போகும் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. அம்மம்மா ஐந்தாம் வகுப்பு, அம்மா பத்தாம் வகுப்பு, நான் பட்டதாரி, என் பிள்ளை அதற்கும் மேலே. இந்த வகுப்பறை அந்த ஏணிக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. சோமாலிய மொழிக்கு 1972இல் அந்நாட்டு அரசு லத்தீன் எழுத்து முறையை ஏற்றது. 1974இல் மேல்வகுப்புப் பள்ளிகளை மூடிவிட்டு, மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஒட்டகம் மேய்க்கும் மக்களிடம் எழுத்துச் சொல்லிக்கொடுக்க அனுப்பியது. அந்த இயக்கத்தில் எழுதப் படித்துக்கொண்ட தாய்மார் உண்டு. 1991இல் அரசு சிதறியது, பள்ளிக்கூடங்கள் சிதறின. அதற்குப் பிறகு பிறந்த மகள், தாய்க்குத் தெரிந்த எழுத்தைத் தான் அறியாமல் வளர்ந்து, அகதி முகாம் வழியாக இங்கே வந்து பென்சில் பிடிக்கிறார்.

ஆப்கானிஸ்தானின் கதை இன்னும் கொடியது. அங்கே கதவு தவறிச் சாத்தப்படவில்லை, வேண்டுமென்றே சாத்தப்பட்டது. 1996 முதல் 2001 வரை தலிபான்கள் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் ஏழு வயதாக இருந்தவர், எட்டு வயதாக இருந்தவர் இன்று என் முன்னால் இருக்கிறார். இடையில் இருபது ஆண்டுகள் அந்தக் கதவு திறந்திருந்தது. மீண்டும் ஆட்சிக்கு வந்த தலிபான்கள் 2021 செப்டெம்பரில் ஆண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்தபோது பெண் பிள்ளைகளை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். 2022 டிசெம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. காபூலில் பல்கலைக்கழகம் போன இளம் பெண்ணும், அவருடைய வயதில் எழுத்தையே காணாத பெரியம்மாவும் ஒரே கட்டடத்தில் இரு வேறு வகுப்புகளுக்குப் போவதைப் பார்க்கிறேன். இளையவரின் துயரத்தை அந்தப் பெரியவர் விளங்கிக்கொள்கிற அளவுக்கு நான் விளங்கிக்கொள்ள முடியாது.

எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழரிடம் கல்வியைப் பற்றிப் பேசினால் பெருமை வழிந்தோடும். அதில் நியாயம் இருக்கிறது. 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு சேர்ந்தது அது. காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகம்வரை போனது அதனால்தான். விஜயதசமியன்று அரிசியில் விரலைப் பிடித்து ஏடு தொடக்குகிற சமூகம் நாங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை வீட்டில் ஒரு சாவு விழுந்ததுபோல் நினைவில் வைத்திருக்கிறோம். 1990களில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி போட்டுச் சில துளி எண்ணெயில் விளக்கெரித்துச் சோதனைக்குப் படித்த தலைமுறை இன்று இந்த நகரத்தில் கணக்காளராகவும் மருத்துவராகவும் இருக்கிறது. 1970களில் தரப்படுத்தல் என்ற பெயரில் தமிழ் மாணவர்களின் பல்கலைக்கழக வாசல் ஒடுக்கப்பட்டதையும் நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் நினைவு ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் விட்டதும், சேர்த்தாலும் வாங்கில் இருக்க விடாமல் தரையில் இருத்தியதும் வேறு யாருமில்லை. அரசு உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற உத்தரவு 1930ஐ ஒட்டி வந்தபோது கொதித்தெழுந்தவர்களும் உண்டு. சில பள்ளிக்கூடங்கள் எரிந்தன. அரசு எரித்த நூலகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நாங்கள், ஊர்க்காரர் எரித்த பள்ளிக்கூடத்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை. என் பாட்டனார் இருந்த வாங்கில் இன்னொரு பிள்ளைக்கு இடம் மறுக்கப்பட்டிருக்கிறது. அந்த வாங்கிலிருந்து வந்த படிப்புத்தான் இன்று என்னை ஆசிரியர் நாற்காலியில் இருத்தியிருக்கிறது. எனக்குக் கிடைத்த கல்வியை மதிக்கிறேன் என்று சொல்வதென்றால் இந்தப் பாதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆப்கானியப் பெண்ணைப் பார்த்து 'ஐயோ பாவம், அவர்களின் நாட்டில் இப்படி' என்று சொல்ல வருகிற நாக்கு இதை நினைத்தால் கொஞ்சம் தயங்கும். தயங்கட்டும்.

நான் நிற்கிற மண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கனடா, முதற்குடிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்துவைத்த நாடு. தாய்மொழியில் பேசியதற்குத் தண்டனை கொடுத்த பள்ளிகள் அவை. கடைசிப் பள்ளிகள் 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டன. உண்மைக்கும் மீளிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை 2015இல் வெளிவந்தது. பள்ளிக்கூடம் என்றாலே நன்மை என்று சொல்லிவிட முடியாது. வருகிறவரின் மொழியைப் பிடுங்கிக்கொண்டு வேறொரு மொழியைக் கொடுப்பது கொடுப்பதாகாது. அதனால் என் வகுப்பில் சோமாலி பேசாதே, டாரி பேசாதே என்ற சட்டம் இல்லை. ஒருவருக்கு விளங்கியதை அவர் பக்கத்தில் இருப்பவருக்குத் தம் மொழியில் சொல்லும்போது வகுப்பு கொஞ்சம் இரையும், இரைந்துவிட்டுப் போகட்டும்.

இதே நாட்டில் வேறொரு மரபும் இருக்கிறது. 1899இல் அல்பிரட் பிற்ஸ்பற்றிக் என்பவர் தொடங்கிய அமைப்புப் பின்னாளில் புரொன்ரியர் கல்லூரி என்று பெயர் பெற்றது. ரயில் பாதை போடுகிற இடங்களிலும் மரம் வெட்டும் முகாம்களிலும் சுரங்கங்களிலும் வேலை செய்தவர்களில் பலர் ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகள். அவர்களுக்குக் கற்பிக்கப் போன ஆசிரியர், பகலில் அவர்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தார். இரவில் கூடாரத்திலோ ரயில் பெட்டியிலோ விளக்கைக் கொளுத்தி எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். தொழிலாளி ஆசிரியர் என்றே அவர்களை அழைத்தார்கள். அந்த அமைப்பு 2022இல் பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் இயங்குகிறது. அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று: கூட வேலை செய்த மனிதரின் முதுகு எப்படி வலிக்கிறது என்று அந்த ஆசிரியருக்குத் தெரியும். இரவில் அந்த மனிதர் கொட்டாவி விட்டால் அது அசட்டை என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

எங்கள் வகுப்புகளிலும் கொட்டாவி உண்டு. இரவு முழுவதும் கோழி வெட்டும் தொழிற்சாலையில் நின்றுவிட்டுக் காலை ஒன்பது மணிக்கு வந்து உட்காருகிறவர், பதினொரு மணியளவில் கண்ணயர்ந்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர் அவருடைய கொப்பியை நகர்த்தி, விடுபட்ட வரியை எழுதிக்கொடுப்பார். அவரை எழுப்பலாமா வேண்டாமா என்பது ஆசிரியரின் பெரிய கேள்விகளில் ஒன்று. அந்த மனிதர் தம் தூக்கத்தில் மூன்று மணி நேரத்தை வெட்டி எடுத்து என்னிடம் தந்திருக்கிறார். தயார்செய்யாமல் வந்து, பழைய தாளைப் பிரதியெடுத்துக் கொடுத்து நேரத்தை ஓட்டினால் அது திருட்டுத்தான். ஐம்பது வயது மனிதரிடம் குழந்தைப் படப் புத்தகத்தை நீட்டிக் கைதட்டிப் பாராட்டுவதும் அவமதிப்புத்தான்; ஏனென்றால் அவர் மூன்று எல்லைகளைக் கடந்து குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர். அவருக்குத் தேவை அவருடைய தொழிற்சாலைச் சுவரில் இருக்கும் எச்சரிக்கைப் பலகை, சம்பளத் துண்டு, வாடகை ஒப்பந்தம். அவற்றைத் தேடி எடுத்து, எளிதாக்கி, பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுபோக ஒரு மாலை நேரம் செலவாகும். கடனைத் திருப்பிக் கொடுப்பது என்று நான் சொன்னது இந்த மாதிரியான காசோலைகளால்தான்.

வகுப்பறைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. 2024 அக்டோபரில் கனடா தன் குடிவரவு இலக்குகளைக் குறைத்தது. புதிதாக வருகிறவர்களுக்கான நிதியும் சுருங்க, சில கல்லூரிகளில் லிங்க் வகுப்புகள் மூடப்பட்டன. இப்படிச் சுருங்கும்போது முதலில் அடிபடுகிறவர் மெதுவாகப் படிக்கிறவர். பூச்சியம் ஆண்டுப் பள்ளிப்படிப்போடு வந்தவர் ஒரு படி ஏற எடுக்கும் காலம் அட்டவணைக்குள் அடங்காது. முன்னேற்றம் போதாது என்று அறிக்கையில் தெரியும். லிங்க் வகுப்பில் படித்துக் குடியுரிமை பெற்றுவிட்டால் அந்த வகுப்பில் தொடர்ந்து படிக்கும் தகுதியும் போய்விடுகிறது. ஒன்ராறியோ மாகாணத்தின் நிதியில் பள்ளிச் சபைகள் நடத்தும் வகுப்புகளில் குடியுரிமை பெற்றவரும், அகதிக் கோரிக்கை முடிவாகாதவரும் சேரலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் வீட்டோடு நின்றுவிட்டவர்கள் எத்தனையோ பேர். படித்தவர்கள் இந்தத் தகவலைத் தெரிந்துவைத்திருந்து, கோயிலிலும் கடையிலும் காணும் ஒருவருக்குச் சொல்லலாம். அவரோடு போய்ப் பதிந்துவிட்டும் வரலாம்.

கடைசியாக, எங்கள் வீடுகளுக்குள்ளேயே இருக்கிற மாணவர்கள். பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து அழைத்த அம்மாமார். தம்பிமாரைப் படிப்பிக்க வேண்டுமென்று ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. ஷெல் விழுந்த காலத்தில் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றி ரியூசனுக்குக் கொண்டுபோனவர்கள், ஜாம் போத்தல் விளக்குக்கு எண்ணெய் தேடி அலைந்தவர்கள். இப்போது அறுபத்தைந்து வயதில் இங்கிலீஸ் வகுப்புக்குப் போக ஆசைப்பட்டால் கிடைக்கிற பதில் எனக்கு மனப்பாடம். "உங்களுக்கு இனி என்னத்துக்கம்மா? நாங்கள் இருக்கிறம்தானே." மருத்துவரிடம் போகப் பிள்ளை வேண்டும், வங்கிக்குப் போகப் பிள்ளை வேண்டும், பஸ் எடுக்கவும் பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளைக்கோ வேலையிலிருந்து லீவு கிடைப்பதில்லை. இடையில் பேரக் குழந்தையைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வகுப்பு காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை. பதிவுக்குக் காசில்லை. குடியுரிமைச் சோதனைக்கான வயதெல்லை தாண்டியவர்களையும் சேர்த்துக்கொள்வோம், எழுத்து மெதுவாக வந்தாலும் குறையில்லை. அந்த மூன்று மணி நேரம் குழந்தையை யார் பார்ப்பது என்பதை மட்டும் அந்த வீட்டின் பட்டதாரிகள் கூடிப் பேசித் தீர்த்துவிட்டு அம்மாவை அனுப்பிவைக்க வேண்டும்.